போனில் பேச நேரில் வரவும்

"போன்ல டாக்டர்கிட்ட பேசணும்னா நீங்க ஒரு தடவை நேர்ல வரணும், கண்ணு," என்றாள் நரெல்.

லின்ட்சே கேரகன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார்.

"நேர்ல வர வேண்டாம்னுதானேம்மா போன்ல கேக்கறேன்?"

"அதுக்குத்தான் சொல்றேன். நேர்ல வர வேண்டாம்னா நேர்ல வரணும்."

நரெல் வாரகூலா ஊர் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். எல்லோரையும் 'கண்ணு' என்பாள். கெட்ட செய்தி சொல்லும்போது இரண்டு தடவை என்பாள்.

"கண்ணு, இங்க பாருங்க கண்ணு. தொற்று வந்ததுலேர்ந்து போன்ல டாக்டர்கிட்ட பேசினா அரசாங்கமே காசு குடுத்துடுது. ஆனா ஜூலையில ஒரு விதி போட்டுட்டாங்க. கடைசி பன்னிரண்டு மாசத்துல எங்க டாக்டர் யாராவது உங்களை நேர்ல பாத்திருக்கணும். நீங்க கடைசியா வந்தது போன வருஷம் ஆகஸ்ட் ஆறு. இன்னிக்கு ஆகஸ்ட் பத்து."

"நாலு நாள்தானே!"

"நாலு நாளுக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தீங்கன்னா இலவசம். இப்போ எண்பத்தாறு டாலர்."

லின்ட்சே காசில்லாதவர் அல்ல. இரண்டாயிரம் ஆடுகள் வைத்திருந்தார். ஆனால் நாற்பத்தேழு வருஷமாக வரி கட்டுகிற மனிதர், அரசாங்கம் எல்லோருக்கும் சும்மா கொடுப்பதைத் தனக்கு மட்டும் விலைக்கு விற்பதா என்று பொங்கிவிட்டார்.

"பெரிய டாக்டர்கிட்ட குடு. நான் பேசிக்கறேன்."

"அவருக்கு எழுபது தாண்டிடுச்சே. வெளியில வரக் கூடாதுன்னு மார்ச்லேர்ந்து வீட்டுல இருந்தே போன்ல பாக்கறார். அவர்கிட்ட பேசினாலும் இதே விதிதான். நாளைக்குப் பத்து மணிக்கு சின்ன டாக்டரம்மா உங்களை நேர்ல பாப்பாங்க. அதுவும் இலவசம். அப்புறம் ஒரு வருஷத்துக்கு நீங்க இஷ்டத்துக்குப் போன் பண்ணலாம்."

தொண்ணூறு கிலோமீட்டர் போக, தொண்ணூறு திரும்ப. பெட்ரோலுக்கே பாதிக் காசு போய்விடும். ஆனால் அது கொள்கைக்காகச் செலவழிக்கிற பெட்ரோல்.

ஒரு விஷயத்தை அவர் நரெலிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. தனிக்கட்டை, சொல்வதற்கு பிஸ்கட் என்ற நாய்தான் இருந்தது. இரண்டு வாரமாக ஆட்டுக் கொட்டகையின் ஏழு படிகளை ஏறும்போது நாலாவது படியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பிஸ்கட் மேல்படியில் உட்கார்ந்து, அவர் வந்து சேரும்வரை வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும். நாசூக்கு தெரிந்த நாய்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பிஸ்கட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியிருந்தன. பிக்கப் வண்டியின் ஜன்னல் கண்ணாடி மூன்று வருஷமாகப் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஊர் எல்லையைத் தொடும்போது லின்ட்சேயின் மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலில் தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக்கில் சுற்றிய நர்ஸ் ஒருத்தி வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டினாள்.

"காய்ச்சல், இருமல், தும்மல் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல," என்று சொல்ல வாயைத் திறந்தார். மூன்று தும்மல் வரிசையாக வந்தது. நர்ஸ் மூன்றடி பின்னால் போனாள்.

"இது வாட்டில் பூத் தூசும்மா! வருஷா வருஷம் வரும்!"

"காலையிலேர்ந்து வந்த பத்து பேரும் அதையேதான் சொன்னாங்க. வண்டியில போய் உக்காருங்க. உள்ளேருந்து போன் வரும்."

வண்டியில் போய் உட்கார்ந்தார். பத்தடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நரெல் போனை எடுப்பது தெரிந்தது. அவர் போன் அடித்தது.

"கண்ணு, உங்களை உள்ள விட முடியாது கண்ணு. டாக்டரம்மா போன்லயே பேசிடறேன்னாங்க."

"சந்தோஷம். அப்போ இலவசம்தானே?"

நரெல் கண்ணாடி வழியாக அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"போன்னா எண்பத்தாறு."

"நான் நேர்ல வந்திருக்கேனே! இதோ இருக்கேன்! உனக்குத் தெரியறேன்ல?" என்று வண்டிக்குள்ளிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். பின்னால் பிஸ்கட்டும் எழுந்து நின்று வாலை ஆட்டியது.

"நான் பாத்தா கணக்குல வராது. டாக்டர் பாக்கணும்."

"அப்போ அந்தம்மாவை ஜன்னலுக்கு வரச் சொல்லு!"

நரெல் உள்ளே போனாள். சிறிது நேரத்தில் பக்கத்து அறையின் திரை விலகியது. சின்ன டாக்டரம்மா மேவ் லானர்கன் எட்டிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். லின்ட்சே தொப்பியைக் கழற்றி மரியாதையாகத் தலையாட்டினார்.

"பாத்தாச்சு!" என்றார் போனில்.

"கண்ணாடி வழியா பாத்தா நேர்ல பாத்ததா ஆகுமான்னு சுற்றறிக்கையில இல்லையே, கண்ணு. இருங்க, கேட்டுச் சொல்றேன்."

அரசாங்க விசாரணை எண்ணில் நரெல் முப்பத்தைந்து நிமிஷம் பியானோ இசை கேட்டாள். அந்த முப்பத்தைந்து நிமிஷமும் லின்ட்சே வண்டியில் தும்மினார். பக்கத்தில் நிறுத்தியிருந்த இரண்டு கார்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டன. கடைசியில் நரெல் ஜன்னலருகே ஓடி வந்து, ஒரு காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு போனில் கத்தினாள்.

"கிடைச்சுடுச்சு! தனிமைப்படுத்தப்பட்டவங்களுக்கு அந்தப் பன்னிரண்டு மாச விதியே கிடையாதாம்!"

"நான் தனிமையிலதானே இருக்கேன். முப்பது வருஷமா."

"அந்தத் தனிமை இல்ல. நீங்க தும்மறீங்கள்ல? டெஸ்ட் எடுத்துட்டா, ரிசல்ட் வர்ற வரைக்கும் அரசாங்க உத்தரவுப்படி நீங்க தனிமைப்படுத்தப்பட்டவர். அந்த நிமிஷத்துலேர்ந்து போன் இலவசம்!"

"எடுங்கம்மா டெஸ்ட்டை!"

நர்ஸ் வந்தாள். பாதியில் மாட்டிய ஜன்னல் வழியாகக் குச்சியை விட்டாள். அது மூக்கைத் தாண்டி, கண்ணுக்குப் பின்னால் போய், பள்ளிக்கூட நாட்களின் ஏதோ ஒரு ஞாபகத்தைத் தொட்டுவிட்டு வந்ததுபோல் லின்ட்சேக்கு இருந்தது. கையோடு கையாக ரத்த அழுத்தமும் பார்த்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனாள்.

ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது.

"மிஸ்டர் கேரகன், நான் மேவ். அழுத்தம் ரொம்ப அதிகமா இருக்கே? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்."

"முழுசா?"

நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் 'முழுசாத்தான்' என்று சொல்லியிருப்பார். ஆனால் எதிரே கார் நிறுத்துமிடமும் ஒரு குப்பைத் தொட்டியும்தான் இருந்தன. குப்பைத் தொட்டியிடம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"பாதி," என்றார். "நாலு மாசமா. தீந்து போச்சுன்னா இவ்வளவு தூரம் வரணுமேன்னு."

"மூச்சு வாங்குதா?"

"நாலாவது படியில."

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. "நல்லவேளை சொன்னீங்க. பாதி மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் வாங்கும். இன்னிலேர்ந்து முழு மாத்திரை. மருந்துக்கடைக்காரர் வண்டிக்கே கொண்டு வந்து குடுப்பார். வாரா வாரம் நான் போன் பண்ணுவேன். எடுக்கலேன்னா ஆம்புலன்ஸ் அனுப்புவேன். சரியா?"

"சரிம்மா," என்றார் லின்ட்சே. இரண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. அதுவும் இலவசமாக.

மாத்திரை வந்தது. வண்டியைக் கிளப்பும்போது நரெல் கையசைத்தாள். போனும் அடித்தது.

"கண்ணு, ஒரு விஷயம் மறந்துட்டேன் கண்ணு. ரிசல்ட் வர மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க வீட்டை விட்டு வெளியில வரக் கூடாது, யாரும் உள்ள வரக் கூடாது."

"இன்னிக்குச் செவ்வாய். வியாழக்கிழமை என் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்க எட்டு பேர் வராங்களே!"

"வந்தா அவங்களும் தனிமைப்படுத்தப்பட்டவங்க ஆயிடுவாங்க. எல்லாருக்கும் போன் இலவசம்!" என்றாள் நரெல் ஆறுதலாக.

கத்தரிக்கும் ஆட்களின் மேஸ்திரி டாரிலைக் கூப்பிட்டார். டாரில் முதலில் சிரித்தான். பிறகு டைரியைப் புரட்டினான். "அடுத்தது அக்டோபர் இருபதுதான், லின்ட்சே. அதுவரைக்கும் ஆடுங்களுக்கு விசிறி வாங்கிப் போடு."

எண்பத்தாறு டாலரை மிச்சம் பிடித்ததில் பெட்ரோல் போயிற்று, ஒரு நாள் போயிற்று, மூக்கு போயிற்று, இப்போது அக்டோபர்வரை கம்பளியும் போயிற்று. ஆனாலும் லின்ட்சே தோற்றவராகத் தன்னை நினைக்கவில்லை. அரசாங்கத்தின் விதியை அரசாங்கத்தின் விதியாலேயே மடக்கிய ஆள் இந்த மாவட்டத்தில் வேறு யார்? ஒருமுறை நேரில் போனது வீண் போகவில்லை. போயிராவிட்டால் நாலாவது படி விஷயம் வெளியே வந்திருக்குமா? வழி முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். நடுநடுவே தும்மினார்.

பண்ணை கேட்டருகே பக்கத்துப் பண்ணைக்காரி க்வெண்டா ஸ்பர்லிங் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"கிட்ட வராதே!" என்று வண்டியிலிருந்தே பெருமையாகக் கத்தினார் லின்ட்சே. "நான் அரசாங்க உத்தரவுப்படி தனிமையில இருக்கேன்! டாக்டரைப் பாத்துட்டு வரேன், ஒரு பைசா செலவில்லாம!"

"நல்லா பாத்த போ!" என்றாள் க்வெண்டா. "பெரிய டாக்டர் தொற்றுக்குப் பயந்து ஊரை விட்டு வந்து ரெண்டு வாரமா எங்க வீட்டுலதான்யா தங்கியிருக்கார். உன் வருஷக் கெடு தாண்டிடுச்சுன்னு நேத்து கம்ப்யூட்டர்ல பாத்தாராம். உன்னை நேர்ல ஒரு தடவை பாத்துட்டா வருஷம் பூரா நீ சும்மாவே போன்ல பேசலாமேன்னு, பாவம், எட்டு மணியிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் உன் வாசப்படியில உக்காந்திருந்துட்டு இப்பத்தான் எழுந்து போறார்!"