கண்ணாடிக்காரர் துப்பாக்கிக்குக் குறிதிருத்திய படலம்

வாழ்க, ஊரார் கண்களுக்கெல்லாம் அளவு சொன்ன உத்தமர். எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் வெறுங்கண்ணால் வாசிக்கும் கூர்விழியார். மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா வேந்தர். மூன்று ஞாயிறுகள் மைத்துனனிடம் மண்ணைக் கவ்வியும் மீசையில் ஒட்டவில்லை என்று துடைத்துக்கொண்ட மாவீரர். அவர் புரிந்த அருஞ்சமரைச் சொல்லப் புகுந்தேன்; நாவே, சிரித்துத் தொலைக்காதே.

களமோ மொட்டைமாடி. பகைப்படையோ, நாற்பதடிக்கு அப்பால், மணல்மூட்டைகளுக்கு முன்னே தகதகவென அணிவகுத்த ஐந்து காலி டப்பாக்கள். பேக்கரி நடத்தும் மைத்துனன், டேப் சுற்றிய தன் கிழட்டு ஏர்கன்னால் மூன்று வாரமும் ஐந்தையும் உருட்டிவிட்டு, மாவு படிந்த மீசைக்குள் நகைத்தான். நான்காம் ஞாயிறு தோற்பவர் தம் துப்பாக்கியை ஒரு மாதம் வென்றவர் வீட்டில் விடவேண்டும் என்பது ஒப்பந்தம். பிறர் விரல் படப் பொறுக்காத தம் துப்பாக்கி, மாவு மூட்டைகளுக்கிடையே சிறையிருப்பதைக் கண்ணாடிக்காரரால் கனவிலும் ஒப்பமுடியவில்லை.

ஆகவே சனிக்கிழமை கடைக்கு லீவு விட்டு, சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்து, மூக்குக்கண்ணாடி முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை உடைவாளென உருவி, கரகரத்த விசையை மெருகிட்டு மென்மையாக்கி, குழலைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கி, ஆடித்திரிந்த திருகாணிகளை அடக்கி ஒடுக்கி, இறுதியில் புதிதாய் வாங்கிய தொலைநோக்கியை அதன் முதுகில் அரியணையேற்றினார். நோக்கியின் உள்ளே தெரியும் குறுக்குக்கோடு மட்டமாக நிற்கவேண்டும். அதற்கு அவர் ரசமட்டம் தேடினாரில்லை. எதிர்ச்சுவரில், பதினோராண்டுகளுக்கு முன் தம் திருக்கரத்தாலேயே அடித்த அலமாரிப் பலகையை ஏறிட்டார். அது கோணல் என்று மனைவி சொல்லாத நாளில்லை; அவளுடைய தையல் டப்பா அதிலிருந்து வழுக்கி விழாத வாரமில்லை. குற்றம் டப்பாவினுடையது என்பதே அவர் தீர்ப்பு. மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்திருக்க, துப்பாக்கியை மேசையோடு இறுக்கி, பலகையின் விளிம்போடு கோட்டை ஒன்றவைத்து நோக்கியை முடுக்கினார்.

வீட்டு நடையில் பத்தடி தூரத்துத் தீப்பெட்டி மும்முறை துளைபட்டது. "இனிமே இந்தத் துப்பாக்கி நெனச்சாக்கூட குறி தப்பாது," என்று அவர் முழங்கினார். "மொதல்ல மேசைய காலி பண்ணுங்க, சாப்பிடணும்," என்று எதிர்முழக்கம் எழுந்தது.

விடிந்தது ஞாயிறு. மைத்துனன் வழக்கம்போல் ஐந்தையும் வீழ்த்தி ஒதுங்கினான். கண்ணாடிக்காரர் தொலைநோக்கிக் கோட்டைக் கைப்பிடிச் சுவரோடு மட்டமாக்கி, மூச்சடக்கி, விசையைத் தொட்டார். முதல் டப்பா அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. ஐந்தும் அரசவைப் புலவர்போல் அப்படியே வீற்றிருந்தன. நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொரு டப்பாவுக்கும் நாலு விரல் இடப்புறம், மணல்மூட்டையில் ஒவ்வொரு துளை. அளந்து வைத்தாற்போல் ஒரே தூரம், ஒரே உயரம். இப்படியொரு துல்லியத்தை அந்த மாடி கண்டதேயில்லை.

மைத்துனன்கூடச் சிரிக்க மறந்தான். துணி உலர்த்த வந்த மனைவிதான் துளைகளை வரிசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "துப்பாக்கிய நல்லாத்தான் சரி பண்ணியிருக்கீங்க. என் தையல் டப்பாவும் அந்தப் பலகையிலேர்ந்து விழுந்தா, ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலதான் விழும்."

அப்போது, பதினோராண்டுக் கோட்டை ஒரு நொடியில் இடிந்ததையும், பத்தடியில் ஒளிந்திருந்த பலகையின் கோணல் நாற்பதடியில் நாலு விரலாய் வெளிப்பட்டதையும், "ஒரு மாசந்தான் மச்சான்" என்று தோளில் தட்டிய மைத்துனன் அந்தப் பேரெழில் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னே கிடத்தி ஏகியதையும், தெருமுனை வரை அதைத் தொடர்ந்த இரு கூர்விழிகள் கலங்கியதையும் யாரால் பாட இயலும்.

மறுநாள் காலையில் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, பலகையை நேராக மாட்டினார்.