ஒன்றாம் தேதி பிறந்த பதிவாளர்

"சார், உங்களுக்கு இந்த மாசச் சம்பளம் வராது. நீங்க போன மாசமே ரிட்டயர் ஆயிட்டீங்க" என்றாள் கணக்குப் பிரிவுப் பெண், போனில்.

திருமணப் பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பிரிவுபசாரப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மனிதர்.

"என்னம்மா விளையாடுறீங்க? நான் பொறந்ததே இந்த மாசம் ஒண்ணாந்தேதி! பொறந்த மாசக் கடைசியிலதானே ரிட்டயர்மெண்டு?"

"அதான் சார் வம்பே. ஒண்ணாந்தேதி பொறந்தவங்களுக்கு முந்தின நாளோட வயசு நிறைஞ்சுடுதுன்னு சட்டம். அந்த நாள் போன மாசக் கணக்குல போயிடுது. எங்களுக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆமா, இந்த ஒரு மாசமா அங்க உக்காந்து என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

என்ன பண்ணினார்? ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கல்யாணம் பண்ணிவைத்தார்.

அலுவலகத்தில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். மணப்பெண்ணுக்கு வயது நிறைய ஒரே ஒரு நாள் குறைகிறது என்று, மாலையும் கழுத்துமாக வந்த ஜோடியைத் திருப்பி அனுப்பிய புண்ணியவான். அப்பேர்ப்பட்டவர் ஒரு மாதமாக அதிகாரமே இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் ஒன்று, போன வாரம் நடந்த அவருடைய சொந்த மகளின் கல்யாணம். அந்த மாப்பிள்ளைக்குத் தர முடியவே முடியாது என்று ஒரு வருஷத்துக்கு மேல் பிடிவாதம் பிடித்து, கடைசியில் மனசு இளகி, என் கையால்தான் பதிவு செய்வேன் என்று நின்று செய்த கல்யாணம்.

"குடி கெட்டுதய்யா!" என்றார் அட்டெண்டரிடம்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அட்டெண்டர், "பதறாதீங்கய்யா. நம்ம பாப்பா கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"உனக்கு என்னய்யா தெரியும்? வக்கீலைக் கூப்பிடு!"

வக்கீல் போனில் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். "யாரும் வாயைத் திறக்காத வரைக்கும் கவலையே இல்ல சார். அடடா, ஒரு நிமிஷம். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். இங்க விவாகரத்துக் கேஸ் பார்ட்டி ஒருத்தர் உக்காந்திருக்கார். அந்தச் செல்லாத மாசம் எப்ப ஆரம்பிக்குதுன்னு கேக்கறார்."

அரை மணி நேரத்தில் அலுவலக வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பதிவாளர் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். முதலில் உள்ளே நுழைந்த புதுமாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "சார், நிஜமாவே செல்லாதா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்" என்றான்.

"நானும் அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள் பின்னாலேயே வந்த அவன் மனைவி.

இனி மறைத்துப் பயனில்லை என்று பதிவாளர் வாசலுக்கு வந்தார். "எல்லாரும் மறுபடி மனு குடுங்க. போர்டுல நோட்டீஸ் ஒட்டுவாங்க. முப்பது நாள் கழிச்சு, புதுசா வர்ற அதிகாரி பதிவு செஞ்சு குடுப்பாரு."

"அப்ப அந்த முப்பது நாளும் நாங்க ஒருத்தருக்கொருத்தர் யாரு சார்?" என்றாள் ஒருத்தி.

"அந்த முப்பது நாள்ல யார் வேணாலும் ஆட்சேபம் சொல்லலாமாமே? என் மாமியார் காதுல விழுந்தா என் கதை முடிஞ்சுது!" என்று அழுதாள் இன்னொருத்தி.

பதிவாளருக்கு அப்போதுதான் சம்பந்தி ஞாபகம் வந்தது. அந்த மனிதர் கல்யாணத்தன்றே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுத்தால் முதல் நாளே வந்து நிற்பார். ஒரு மனுப் படிவத்தை உருவிக்கொண்டு பதிவாளர் பின்கதவு வழியாக ஓடினார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு அட்டெண்டரும் பின்னால் ஓடினார்.

வீட்டில் மகளும் மருமகனும் மறுநாள் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியைக் கீழ வைங்க! உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"

"மெதுவாத்தான் பேசுங்களேன், பக்கத்து வீட்டுல கேக்கப்போகுது" என்று மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

அவர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. "எல்லாரையும் நேரம் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். என் நேரத்தை நான் பார்க்கலையே! உன் வாழ்க்கையை இப்படி நடுத்தெருவுல நிறுத்திட்டேனேம்மா!" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மகள் கணவனைப் பார்த்தாள். அவன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் அட்டெண்டரைப் பார்த்தாள்.

அட்டெண்டர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. நம்ம பாப்பாவுக்குப் போன வருஷமே பக்கத்து ஊர் ஆபீஸ்ல கல்யாணம் ஆயிடுச்சு. சாட்சிக் கையெழுத்துப் போட்டது நானும் அம்மாவும்தான்."