பின்னணி இரைச்சல் நீக்கப்பட்டது

எங்கள் வீட்டில் நடக்கும் எந்த நிகழ்ச்சியும் என் மாமனாரின் பெட்டியில் சேர்ந்த பிறகுதான் நடந்ததாகக் கருதப்படும். அதுவரை அது வெறும் வதந்தி.

பெட்டி என்றால், ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே, ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டில் யார் போனில் எதைப் படம் பிடித்தாலும் வைஃபை வழியாக அதில் போய் விழ வேண்டும். விழுந்த கையோடு போனிலிருந்து அழித்துவிட வேண்டும். "ஒரே ஆவணம் ரெண்டு இடத்துல இருந்தா அது ஆவணம் இல்ல, குழப்பம்" என்பது மாமனாரின் கொள்கை. அவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் ஒரு மாலையோடு அவரை விட்டுவிட்டது. அவர் இன்னும் அதை விட்டபாடில்லை. பெட்டிக்குள் போகும் எல்லாவற்றுக்கும் எண் போடும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு. எங்கள் தேனிலவு அங்கே "குடும்பம் - இதர செலவினம்" என்ற தலைப்பில் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் பெட்டி விட்டு விட்டுக் கத்தியது. முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாரு மாப்பிள்ளை இதை எரியச் சொன்னது?" என்றார் மாமனார்.

"தானா எரியுது மாமா. ஒரு டிஸ்க் போயிடுச்சு. மாத்தச் சொல்லுது."

"அதுக்குத்தானே இன்னொண்ணு வச்சிருக்கோம்? வேலை நடக்குதா?"

"நடக்குது."

"அப்புறம் என்ன கூச்சல்?"

சத்தத்தை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். புகார் முறைப்படி தீர்த்து வைக்கப்பட்டது.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருந்தோம். ஆகவே மற்றதும் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு காலையில் பெட்டி திறக்க மறுத்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே டிக் டிக் என்று ஏதோ பல்லைக் கடித்தது.

அத்தை, அதாவது என் மாமியார், அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெட்டியின் பக்கம் வந்து நின்றார். போன வருஷம் அவருடைய தங்கை இறந்துபோனார். என் மனைவிக்குச் சித்தி. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அக்காவின் பக்கத்தில் இடம்பிடித்து, அவர் காதில் மட்டும் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

"இதுல எங்கயோ அவ குரல் இருக்கு. எதுலன்னு தெரியாது. அது கிடைச்சா எனக்குப் போதும்," என்றார் அத்தை.

அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு என்னவோபோல் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் மாமனாரும் டேட்டா மீட்கும் இடத்துக்குப் போனோம். முன்பெல்லாம் இப்படிப்பட்ட கடையில் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு இருப்பார். இப்போது அதற்குப் பெயர் "தரவு நல மையம்". வாசலிலேயே செருப்புக்கு உறை மாட்டிவிட்டார்கள்.

"பேஷன்ட் எங்க?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

பெட்டியைக் காட்டினேன்.

"நீங்க என்ன உறவு?"

"உரிமையாளர்," என்றார் மாமனார்.

வெள்ளைக் கோட்டு போட்ட நிபுணர் வந்தார். பெட்டியைத் தடவிக் கொடுத்தார். டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"இது யாரு ஒட்டினது?"

"அது ஒரு நிர்வாக நடவடிக்கை," என்றார் மாமனார்.

"அழுகிற வாயை அடைச்சிருக்கீங்க சார்." நிபுணர் பெருமூச்சு விட்டார். "ஒரு டிஸ்க் எப்பவோ போயிடுச்சு. இன்னொண்ணை ஒரே ஒரு தடவை படிக்கலாம். எவ்வளவு தூரம் வரும்னு உத்தரவாதம் கிடையாது. எதை முதல்ல எடுக்கணும்னு வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க."

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் குடும்பக் கூட்டம் கூடியது. மாமனார் தலைமை வகித்தார். முதலில் மீட்கப்பட வேண்டியது "பெட்டிப் பயன்பாட்டு விதிகள்" என்று அறிவித்தார்.

"விதி இல்லாம மத்ததை மீட்டு என்ன பண்றது? எப்படிப் பார்க்கிறதுன்னே தெரியாதே."

இரண்டாவது, அவருடைய பணி ஓய்வுப் பாராட்டு விழா. முழு நீளம். மூன்றாவதாக எங்கள் கல்யாணத்து ட்ரோன் வீடியோவை நான் முன்மொழிந்தேன். அதில் எல்லார் உச்சந்தலையும் தெளிவாகத் தெரியும். என் மனைவி, சமையலறையைப் புதுப்பித்தபோது எடுத்த "முன்" படங்களைக் கேட்டாள்.

"பின் படம் வேண்டாமா?" என்றேன்.

"அதைத்தான் தினமும் பார்க்கிறோமே."

அத்தையின் முறை வந்தது. "எனக்கு அவ குரல்."

"கோப்பு எண்?" என்றார் மாமனார்.

"எனக்கென்ன தெரியும்? நம்பர் போட்டது நீங்க."

"நம்பர் இல்லாத கோரிக்கையை நான் எப்படிப் பரிசீலிக்கிறது? கடைசியில 'இதர'ன்னு போடு."

நானும் என் மனைவியும் தலையை ஆட்டி வைத்தோம். கடைசியில் எப்படியும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டோம். நம்முடையது முன்னால் நிற்கும்போது அப்படி நினைப்பது சுலபம்.

மறுநாள் மையத்தில் ஒரு தொடுதிரையை நீட்டினார்கள். சம்மதமா, சம்மதமா என்று அது கேட்டுக்கொண்டே போனது. படிக்காமல் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். உலகமே அப்படித்தான் போடுகிறது.

முடிவு சொல்லக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். விதிகள் முழுமையாக மீட்கப்பட்டிருந்தன. பாராட்டு விழா முழுமையாக மீட்கப்பட்டிருந்தது. ட்ரோன் வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் இயற்கை எய்தியது. "முன்" இல்லை. "இதர" இல்லை. வரவேற்புப் பெண் மெல்லிசை போட்டாள்.

அத்தை கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடீரென்று தலை நிமிர்ந்தார்.

"அந்த விழாவுல அவ என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தா? கேமரா ஸ்டாண்டு எங்க காலடியிலதான் இருந்தது. மூணு மணி நேரமும் பேசிக்கிட்டே இருந்தாளே!"

அத்தையின் முகம் மலர்ந்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "போடுங்க சார், போடுங்க!" என்றேன்.

நிபுணர் போட்டார். நிலுவைக் கோப்புகளைப் பற்றி மாமனாரின் குரல் கணீரென்று ஒலித்தது. அது மட்டும்தான் ஒலித்தது.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க," என்றார் நிபுணர் பெருமையாக. "ஒரிஜினல்ல சகிக்க முடியல சார். யாரோ ஒரு லேடி வாயை மூடாம குசுகுசுன்னு பேசிச் சிரிச்சிட்டே இருக்காங்க. மொத்தமா எடுத்துட்டோம். அது ஃப்ரீ சர்வீஸ்."

"எடுத்ததைத் திருப்பி வைங்க," என்றார் அத்தை.

"இரைச்சலை நாங்க சேமிக்கிறதில்லம்மா. எடுத்ததும் ஒரிஜினலோட சேர்த்து அழிச்சிடுவோம். சார் சம்மதம் குடுத்திருக்கார்." என்னைக் காட்டினார்.

மாமனார் மட்டும் கேட்டார்: "நான் பேசும்போது யாரு அது சிரிச்சது?"



இப்போது வீட்டில் புதிய பெட்டி இருக்கிறது, நான்கு டிஸ்க்கோடு. ஞாயிறுதோறும் மாமனார் டிவியில் விழாவைப் போடுகிறார். அத்தை தவறாமல் முன்னால் வந்து உட்காருகிறார். சில இடங்களில் வாய்விட்டுச் சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரிக்கிறார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் என் நகைச்சுவை இவளுக்குப் புரியுது," என்று மாமனார் பூரித்துப் போகிறார். அந்தப் பேச்சில் நகைச்சுவை எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். நான் நேரிலும் கேட்டவன்.

போன ஞாயிறு, அத்தை சிரித்த ஓர் இடத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"இங்க சித்தி என்ன சொன்னாங்க அத்தை?"

"இங்கயா?" அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது உங்களைப் பத்தி மாப்பிள்ளை. 'அக்கா, அத்தான் தொண்டையைச் செருமினாக்கூட உன் மாப்பிள்ளை கை தட்டுவார், பாரேன்'னா."

திரையில் மாமனார் தொண்டையைச் செருமினார். உடனே ஒரு கைதட்டல் கேட்டது. தனியாக, துல்லியமாக, என்னுடையது. அதை மட்டும் அந்த மையம் இரைச்சல் என்று நினைக்கவில்லை.