மூன்று பஸ், மூன்று மாத்திரை

டிராக்டரில் நாள் முழுக்கக் குலுங்கினாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தவன் ஓட்டுகிற பஸ்ஸில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். இதில் எனக்கு வெட்கமே கிடையாது. (நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சிரிக்காம எழுது பாப்பா.)

எங்கள் பேராவூரணிப் பக்கம் ஆளாளுக்கு வெளிநாடு கிளம்பிய காலம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. என் குத்தகை நிலம் இரண்டு வருடமாகத் தரிசு. சவுதியில் ஒரு பண்ணைக்கு டிராக்டர் டிரைவர் எடுக்கிறார்கள், திருச்சியில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று என் பெண்டாட்டியின் தம்பி சவரிமுத்து சேதி கொண்டுவந்தான். அதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

அதற்கு முந்தைய பஸ் பயணத்தில் முன்சீட்டுக்காரரின் வேட்டிக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டாம். (வெள்ளை வேட்டி. கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், பாவம்.) அதனால் மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை வாங்கினேன்.

"பஸ் ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி ஒண்ணு போடுங்கண்ணே," என்றார் கடைக்காரர்.

பட்டுக்கோட்டைக்கு ஒரு பஸ். தஞ்சாவூருக்கு ஒன்று. திருச்சிக்கு ஒன்று. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அரை மணி முன்னால் ஒவ்வொன்று போட்டேன். படிக்காதவன்தான், ஆனால் சொன்ன சொல் தவறாதவன்.

வாந்தி வரவில்லை. நாக்குதான் வைக்கோலாகக் காய்ந்தது. அதே டெஸ்டுக்கு என்னோடு வந்த சவரிமுத்துவுக்கு இரண்டு தலை இருப்பதுபோல் தெரிந்தது. (ஒன்றே அதிகம்.)

திருச்சிக்கு வெளியே ஒரு பொட்டல். "அந்தக் கொடிக்கம்பு வரைக்கும் நேரா உழுதுட்டுத் திரும்புங்க," என்றார் டெஸ்ட் எடுக்க வந்தவர். கியர் போட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், தலைமேல் பந்தல் துணி. சவரிமுத்து தாவி ஏறி வண்டியை நிறுத்திவிட்டுக் கத்துகிறான்:

"யோவ் மச்சான், எந்திரிய்யா! ஆளுங்க உக்காந்திருந்த பந்தல உழுதுட்டியே!"

நல்லவேளை, எல்லோரும் ஓடித் தப்பியிருந்தார்கள். நாற்காலிகளால் ஓட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எத்தனை போட்டீங்க?"

"மூணுங்க."

"ஏன்?"

"மூணு பஸ்ஸுங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. "இது வாந்திய நிறுத்தும், ஆளையும் தூங்க வச்சிரும். ஒண்ணு போட்டாலே வண்டியத் தொடக் கூடாது. கடைக்காரர்ட்ட டிராக்டர் ஓட்டப் போறேன்னு சொன்னீங்களா?"

"பஸ்ல போறேன்னுதாங்க சொன்னேன்."

வேலை சவரிமுத்துவுக்குப் போனது. போகட்டும். தூங்கிக்கொண்டே நான் உழுத கோடு, கொடிக்கம்பைத் தாண்டிப் பந்தல் வரை கயிறு பிடித்ததுபோல் நேர். விழித்துக்கொண்டு ஓட்டிய அவன் கோடு எப்படி என்று அவனையே கேளுங்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் காய்ச்சல் மாத்திரை எடுத்தாலும், "எத்தனை பஸ்?" என்று ஒரு குரல் வரும்.

போன மாதம் பட்டுக்கோட்டையில் சவரிமுத்து மகளுக்குக் கல்யாணம். பஸ்ஸுக்கு மாத்திரை கேட்டதற்கு டாக்டரம்மா, "இந்த வயசுல வேணாங்க. மூத்திரம் கட்டிக்கும், தடுமாறி விழுவீங்க," என்றார்.

சரி என்று டிராக்டரை எடுத்தேன். நானே ஓட்டினால்தான் எனக்கு ஒன்றும் ஆகாதே!

கல்யாணப் பந்தலை நெருங்கியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மரியாதை என்றே வைத்துக்கொண்டேன்.