தரை வரைக்கும் திரை

பொறாமை எவ்வளவு கனம் இருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரர் ஹார்மென் அதைத் தோள்ல சுமந்துக்கிட்டு மூச்சு வாங்க வந்து நின்னாரு. கருஞ்சிவப்பு வெல்வெட், ஒரு முழு உருட்டு. ஜன்னல் திரைக்காம்.

"யான்கே! இனிமே இந்த வீட்டுல இருந்து ஒரு பொட்டுச் சூடு வெளிய போகாது. கண்ணாடிதான்டி திருடன். ராத்திரி பகல் எப்பவும் மூடியே வைக்கப் போறேன்."

"பகல்லயுமா?"

"பகல்லதான் முக்கியம். அதுவும் காலையில பத்து மணிக்கு!"

பாத்தீங்களா, பத்து மணி! பத்து மணிக்கு எதிர்வீட்டு ஸீட்ஸே ஜன்னல்ல உட்கார்ந்து காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவான். நானும் தூக்கிக் காட்டுவேன். அவ்வளவுதாங்க. முட்டி வலி எனக்கு, தெருவெல்லாம் பனிக்கட்டி, வாசப்படி தாண்டி ரெண்டு மாசமாச்சு. அந்த ஒரு ஜன்னல்தான் எனக்கு ஊரு உலகம்.

ஸீட்ஸே பொண்டாட்டியை இழந்தவன். சரக்குப் படகு ஓட்டினவன். எழுபத்திரெண்டு வயசுல தலை நிறைய முடி! எங்காளுக்கு அதுதான் ஆறலை. இந்தப் பகை இன்னிக்கு நேத்து வந்ததில்லை. அம்பது வருஷத்துக்கு முன்னாடி கால்வாய் உறைஞ்சப்போ சறுக்குப் பந்தயம் வெச்சாங்க. ஸீட்ஸே ஜெயிச்சான். இவரு விழுந்தாரு. விழுந்தவரைத் தூக்கிவிடலாம்னு போனேன். இன்னும் தூக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னிக்கு என் தங்கச்சி போட்டிருந்த நீலக் குல்லாயைக் காத்து அடிச்சுட்டுப் போய் ஒரு வாத்து மேல... சரி, அதை விடுங்க. எங்க விட்டேன்? ஆங், திரை.

இவருக்குத் தலையில நரை கிடையாது, முடியே இல்லையே. முகத்துல திரை உண்டு. இப்ப ஜன்னல்லயும் திரை. அந்த வயித்தெரிச்சலை வெச்சே வீட்டைச் சூடு பண்ணியிருக்கலாம், வெல்வெட்டுச் செலவு மிச்சம்.

தைக்கிறது நான்தானே. "ஜன்னல் விளிம்பு வரைக்கும் போதும்டி"ன்னாரு.

"என்னங்க அரைகுறையா? தரை வரைக்கும் விடுவோம். ஒரு ஈ கூட உள்ள எட்டிப் பாக்கக் கூடாது."

மனுஷன் பூரிச்சுப் போயிட்டாரு. "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு!"

ஜன்னலுக்கு நேர் கீழேதான் ஹீட்டர் இருக்குன்னு அவருக்கு ஞாபகம் இல்லை. நான் எதுக்கு ஞாபகப்படுத்தணும்?

திரையைத் தொங்கவிட்டோம். ஹீட்டர் திரைக்குப் பின்னாடி போயிடுச்சு. சூடு பூராவும் கண்ணாடிக்கும் வெல்வெட்டுக்கும் நடுவுல. இந்தப் பக்கம் கூடத்துல கும்மிருட்டு, பல்லு கிட்டிக்கிற குளிர். இவரு கோட்டு, குல்லா, கையுறையோட சோபாவுல உட்கார்ந்து, "எவ்வளவு கதகதப்பு பாத்தியா!"ங்கிறாரு. பேசும்போது வாயில புகை.

நான் நாற்காலியைத் தூக்கிட்டுத் திரைக்குப் பின்னாடி போயிட்டேன். என்ன சுகம்! சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டேன்.

"அங்க என்னடி பண்றே?"

"பட்டாணி சூப்புக்கு வெங்காயம் உரிக்கிறேங்க. சமையல்கட்டுல விரல் விறைக்குது."

"சரி சரி, திரையை மட்டும் திறந்துடாதே."

திறக்கவே இல்லைங்க. பின்னாடி உட்கார்ந்து உரிச்சேன். மூணு நாளைக்கு மூணு கூடை. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. பத்து மணிக்கு ஸீட்ஸே கோப்பையைத் தூக்கினான். ஜன்னல் விளிம்புக்குக் கீழே என் ரெண்டு கையிலயும் வெங்காயமும் கத்தியும், பதிலுக்கு மூக்கைத்தான் உறிஞ்ச முடிஞ்சுது. அவன் கோப்பை அப்படியே பாதியில நின்னுச்சு.

எங்க தெருவுல பகல்ல திரையை மூடினா அந்த வீட்டுல சாவுன்னு அர்த்தம். ஊருல பொறந்து வளந்த மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியும். பொறாமை புகுந்த தலையில வேற எதுக்கு இடம்?

மூணாம் நாள் காலையில பக்கத்து வீட்டு க்ரீத் திரையை இழுத்து மூடினா. அடுத்த வீடு. அதுக்கடுத்த வீடு. துக்கத்துக்கு மரியாதை. கடைசியில ஸீட்ஸேயும் மூடினான். இவரு வாசக்கதவுத் துவாரத்துல பாத்துட்டுக் குதிக்கிறாரு.

"யான்கே! மொத்தத் தெருவும் என்னைப் பாத்துக் காப்பியடிக்குது! அவனே தோத்துட்டான்டி!"

அப்பத்தான் வாசல் மணி அடிச்சுது. கதவைத் திறந்தாரு. கறுப்புக் கோட்டு, கையில வெள்ளை லில்லிப் பூவு, சீவின முடி. ஸீட்ஸே.

"யான்கே, மனசைத் தளரவிடாதே. என்ன இருந்தாலும் நல்ல மனு..." நிமிந்து பாத்தான். "ஹார்மெனா? அப்ப செத்தது யாரு?"

"யார்றா செத்தது?"

"நீதான்!"

"நானா?"

"தெருவே அப்படித்தான் சொல்லுது. இவ வேற மூணு நாளா ஜன்னல்ல உட்கார்ந்து அழுதா. உனக்காக இவ்வளவு அழுகையான்னு எனக்கே ஆச்சரியம்."

இவரு என்னைப் பாத்தாரு. நான் வெங்காயத்தைக் காட்டினேன்.

"பனியில வந்திருக்கான், உள்ள கூப்பிடுங்க"ன்னேன். ஸீட்ஸே கூடத்துக்குள்ள வந்து நடுங்கினான். திரையைத் தூக்கிப் பாத்தான், ஹீட்டரைத் தொட்டான், சிரிச்சான். "அட, தெருவுக்குத்தானே சூடு காட்டிட்டு இருக்கே! விளிம்பு வரைக்கும் வெட்டு. பகல்ல வெயில் வரட்டும், இருட்டினதும் மூடு."

"அதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்!"னு இவரு கத்துறாரு. உண்மைதான், பாவம். ரெண்டு பேரும் சேர்ந்தே வெட்டினாங்க.

இப்ப பகல்ல திரை திறந்த வீடு. கூடமும் கதகதன்னு இருக்கு. வெட்டின வெல்வெட்டுல ஜன்னலோரம் போட ரெண்டு மெத்தை தைச்சேன். பத்து மணிக்கு ஒண்ணுல நான், இன்னொண்ணுல ஸீட்ஸே.

காபி போடறது எங்க வீட்டுக்காரர்.