அலுமாரிக்குத் தமிழ் இல்லையாம்

ஞானமலர் அலுமாரி கேட்டு ஒரு மாரி போய் அடுத்த மாரியும் வந்துவிட்டது. அவளுடைய சேலைகள் றங்குப்பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் கணவர் ஹெக்டருக்கோ கடைக்குப் போவதென்றாலே காய்ச்சல் வரும்.

அந்த ஞாயிறு அவர் வார இதழை மடித்து வைத்துவிட்டு எழும்பினார். முகத்தில் கோட்டையைப் பிடித்தவனின் களை.

"ஞானம், அலுமாரி எண்டது தமிழே இல்லையாம். போர்த்துக்கீசரிட்ட இரவல் வாங்கின சொல்லு. இனி இந்த வீட்டில இரவல் சொல்லு ஒண்டும் வேண்டாம். தமிழில பேரில்லாத சாமானை நான் என்னெண்டு கடையில கேக்கிறது?"

"ஓம், அதுவும் சரிதான்."

கல்யாணம் கட்டியதிலிருந்து அவர் வென்ற முதல் வழக்கு. அன்று முழுக்க வாய்க்குள் பாட்டோடு திரிந்தார்.

திங்கள் காலை முகம் கழுவிவிட்டு வந்து இருக்கப் போனவர், நல்லகாலம், திரும்பிப் பார்த்தார்.

"கதிரை எங்க?"

"இரவலைத் திருப்பிக் குடுக்கத்தானே வேணும். போர்த்துக்கீசர் இப்ப இல்லை. பக்கத்து வீட்டு உம்மு குல்சுமிட்டக் குடுத்திட்டன்."

"சரி, ரெண்டு துண்டு பாண் வெட்டித் தாரும்."

"அதுவும் அவங்கட சொல்லு. இந்தாங்கோ கஞ்சி. இது எங்கட சொல்லு. அவங்கள்தான் எங்களிட்ட இரவல் வாங்கினவங்கள்."

கொள்கைக்காரர் நிலத்தில் சம்மணம் கட்டிக் கஞ்சி குடித்தார். பிறகு உடுப்பு மாற்றப் போனார். காற்சட்டை தொங்கும் கொடி வெறுமையாகக் கிடந்தது.

"என்ர களிசான்?"

"குடுத்தாச்சு. காலுக்குப் போடுற சப்பாத்தும் குடுத்தாச்சு."

"ஞானம், கந்தோருக்கு நேரமாச்சு. இண்டைக்குப் பெரியவர் வாறார்."

"கந்தோர் ஒல்லாந்தற்ற சொல்லு. அங்க ஏன் போறியள்?"

ஹெக்டர் கொடியை விட்டுத் திரும்பினார். "இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் முதல் பக்கத்தோட மடிச்சு வச்சிட்டியள். நான் கடைசிமட்டும் வாசிச்சனான்."

சொல்லிவிட்டு, அவர் கட்டியிருந்த சாரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாரம் மலாய்க்காரற்ற சொல்லாம்."

ஹெக்டர் இடுப்பு முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"பின்னேரம் வெளிக்கிட்டு நில்லும். அலுமாரிக் கடைக்குப் போவம்."

"கடைக்கு ஏன்? நேத்தே சொல்லி விட்டனான். லொறி வாசலில நிக்குது," என்றாள் ஞானமலர். "ஒரு கை பிடிச்சு இறக்குங்கோ."