எண்ணெய் குறையாத கார்

வெள்ளைக்காரர் போய்க் கொடி மாறி மூன்றாவது வருஷம் காஜா பெராங்கில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சம் வந்தது. மழை பொய்க்கவில்லை, மரம் பட்டுப்போகவில்லை. மலாக்காவில் ஓடிய அத்தனை வாகனங்களுக்கும் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கே முச்சந்தியிலிருந்து வரிசை நிற்கும். டாக்சிகள், மணல் லாரிகள், மோட்டார் சைக்கிள்கள். ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இதுக்கு எண்ணெயே வேணாமே, ஐயா" என்றார் பக்கத்தில் நின்றவர். "எனக்குக் கால் வலிக்குதே" என்றார் பெரியவர். கிளேபாங்கிலிருந்து ஓர் அம்மாள் மண்ணெண்ணெய் அடுப்பைத் துணியில் சுற்றிப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்திருந்தார்.

எல்லோரும் பெட்ரோல் முனியைப் பார்க்க வந்தவர்கள்.

முனி யார்மீது இறங்கினாரோ அவர் பெயர் கருணாகரன். ஆறு மாதத்துக்கு முன்புவரை ஒரு லாரியில் கெலிண்டான் வேலை. சரக்கை ஏற்றுவார், இறக்குவார், ஓட்டுநர் தூங்கும்போது வண்டிக்கடியில் படுத்து ஒயர்களை முறுக்குவார். இப்போது முச்சந்தி மரத்தடியில் பழைய லாரி டயர்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுருட்டுப் புகைத்தார். பெட்ரோல் சாமி நெருப்போடு உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு பக்தருக்கும் தோன்றவில்லை.

"எண்ணெய் குறையாது! டயர் தேயாது! பிரேக்கை நான் புடிக்கிறேண்டா!" என்று முனி உறுமுவார். பிறகு சிவப்புத் துணியில் எலுமிச்சம்பழத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, காருக்கடியில் தாமே படுத்து, பெட்ரோல் தொட்டியின் ஓரத்தில் கட்டிவிட்டு வருவார். அந்தப் பணிவைப் பார்த்துக் கூட்டம் உருகும். டாக்சிக்குப் பத்து வெள்ளி. பந்தயக் காருக்கு ஐம்பத்தொன்று. வேகமாக ஓடுகிற காரை முனியும் வேகமாக ஓடிப் பிடிக்க வேண்டாமா?

நிபந்தனை ஒன்றே ஒன்று. இருபத்தொரு நாளைக்குத் தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் முனி ஆவியாகிப் போய்விடுவார். கார் நடுவழியில் நின்றுபோனால்? உங்கள் வீட்டில் யாரோ மீன் சாப்பிட்டிருக்கிறார்கள். மலாக்காவில் மீன் சாப்பிடாத வீட்டை முனியே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அந்த ஐம்பத்தொரு வெள்ளியைக் கொடுத்தவர் ஜெயபாலன். ரப்பர் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. கூட்டல் கழித்தலில் ஒரு காசு பிசகாதவர். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரை, பச்சை நிறத்தில் இருவர் மட்டும் உட்காரும் திறந்த காரை மலிவு விலைக்குத் தள்ளிவிட, இவர் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து பெரண்டாம் விமானத் திடலில் மோட்டார் சங்கத்தார் கடிகாரம் பிடித்துக் கார் ஓட்டவிடுவார்கள். வாரமெல்லாம் பேரேட்டைப் பார்த்துக் குனிந்த தலை அன்று ஒருநாள் நிமிரும்.

அந்தக் காரை வாங்கியது கல்யாணச் செலவு என்றால், ஓட்டுவது சம்பந்தி வீட்டாரை வீட்டோடு வைத்துக்கொள்வது. ஒரு கேலனுக்குப் பத்து மைல்கூடத் தராது. இஞ்சின் எண்ணெயைக் குடித்துப் புகையாக விடும். நாலு பந்தயத்தில் டயர் மொட்டையாகும். ஜெயபாலனின் மனைவி ருக்மணி அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைப்பவள். ஒரு டயர் என்றால் அவளுக்குப் பதினெட்டு ரவிக்கை. இருந்தாலும், பந்தயம் முடிந்து முகமெல்லாம் தூசியோடு அவர் சிரிக்கிற சிரிப்புக்காக அவள் பதினெட்டையும் தைத்தாள்.

இந்த முறை செலவு பிரேக்கில் வந்தது. மெக்கானிக் காதர் மைதீன் தம் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"அண்ணே, லைனிங் தேஞ்சு ஆணி தெரியுது. எம்பது மைல்ல வந்து மிதிச்சா நிக்காது. திடலுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு?"

"பெரிய வாய்க்கா, பாய்."

"அங்க நிக்கும்."

லைனிங் மாற்ற ருக்மணி எடுத்துக் கொடுத்த பணம்தான் முனியின் தகரப் பெட்டிக்குப் போனது. வியாழக்கிழமை மாலை, காரின் பின்னால் சிவப்புப் பொட்டலம் தொங்குவதைப் பார்த்தபோது அவளுக்கு விஷயம் புரிந்தது.

"ஏங்க, பிரேக்கு காசு எங்க?"

"முனிகிட்ட. இனிமே ஒரு செலவும் இல்ல, ருக்கு! மூணு நாளா ஆபீசுக்குப் போறேன், கிளேபாங்குக்கு ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டேன். எண்ணெய் முள்ளு 'ஃபுல்'லுலயே நிக்குது. வா, வந்து பாரு!"

பார்த்தாள். முள் அசையாமல் நின்றது.

"மூடியத் தெறந்து பாத்தீங்களா?"

"தெறக்கக் கூடாதுலா! எண்ணெயக் காப்பாத்துற சாமி பிரேக்கக் காப்பாத்தாதா?"

ருக்மணி அதற்குமேல் வாதாடவில்லை. எண்ணெய் இல்லாவிட்டால் கார் நிற்கும். பிரேக் இல்லாவிட்டால் நிற்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு புருஷன். பந்தயத்துக்கு மூன்றே நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை, "பந்தயத்துக்கு முன்னால முனிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடுவோம், நானும் வரேன்" என்றாள். ஜெயபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் துடைப்பத்திலிருந்து நீளமான ஒரு குச்சியை உருவிக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. போகிற வழியில் பட்டறை வாசலில் நிறுத்தச் சொல்லி, "பாய், கொஞ்சம் முச்சந்திக்கு வாங்களேன்" என்று காதர் மைதீனையும் சைக்கிளில் பின்னால் வரச் சொன்னாள்.

கூட்டம் வழிவிட்டது. பந்தயக் கார் அல்லவா?

"சாமி, முள்ளு ஃபுல்லுன்னு காட்டுது. உங்க மகிமைய எல்லாரும் கண்ணால பாக்கட்டுமே" என்று சொல்லிக்கொண்டே ருக்மணி மூடியைத் திருகிக் குச்சியை உள்ளே விட்டாள்.

"ஐயோ, தொடப்பக் குச்சி!" என்று அலறினார் அடுப்புக்கார அம்மாள்.

குச்சியை வெளியே எடுத்தாள். ஒரு முழக் குச்சியில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் ஈரம். அதுவும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

கூட்டம் முனியைப் பார்த்தது. முனி நிதானமாகச் சுருட்டை இழுத்தார்.

"எண்ணெய் கொறையாதுன்னுதானே சொன்னேன்? பெட்ரோல்னு எப்ப சொன்னேன்?"

இந்த ஊரில் பெட்ரோலும் எண்ணெய், இஞ்சினில் ஊற்றுவதும் எண்ணெய், தலையில் தேய்ப்பதும் எண்ணெய். மலாய்க்காரர் எல்லாவற்றுக்கும் மின்யாக் என்று ஒரே பெயர் வைத்தார். நாமும் அதே வழியில் போனோம். அந்த வழியாகத்தான் முனி இப்போது தப்பித்தார். "அதானே, சாமி பெட்ரோல்னு சொல்லவே இல்லையே!" என்று கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டவும் செய்தார்கள். ஏமாந்தவனுக்குத் தான் ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட இன்னொரு முறை ஏமாறுவது சுலபம்.

"சரி, இஞ்சின் எண்ணெயப் பாப்போம்" என்று காதர் மைதீன் முன்மூடியைத் தூக்கி அளவுக் கம்பியை உருவினார். நுனியில் ஒரு சொட்டுக் கரி. "தங்கச்சி, இதுவும் கொறஞ்சிருக்கு. இனி சாமி தல எண்ணெயத்தான் சொல்லியிருக்கணும்."

முனியின் தலை வழுக்கை. கூட்டத்தின் பின்வரிசை முதன்முதலாகச் சிரித்தது.

"மூடியத் தெறந்துட்டாங்க! மீன்! இவங்க வீட்டுல மீன் தின்னுருக்காங்க!" என்று உறுமினார் முனி.

"தெறந்தேன், தின்னோம், சாமி. நேத்து சம்பல் போட்டு நானே வறுத்தேன்" என்றாள் ருக்மணி. "எண்ணெய விடுங்க. பிரேக்க நான் புடிக்கிறேன்னு சொன்னீங்களே, அத மட்டும் பாத்துடுவோம். நீங்க அந்த லைட் கம்பத்துக்கிட்ட ரோட்டு நடுவுல போய் நில்லுங்க. இவரு அங்கேருந்து அம்பது மைல் வேகத்துல வருவாரு. உங்களுக்குப் பக்கத்துல வந்ததும் மிதிப்பாரு. லைனிங் இல்ல, ஆணிதான் இருக்கு. நீங்க புடிச்சுக்குங்க."

அவள் குரல் உயரவில்லை. ரவிக்கைக்கு அளவு கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

முனி கம்பத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். சுருட்டை எடுத்தார்.

"முனிக்கு எது பயம்? கருணாகரனுக்குத்தான் கால்ல சுளுக்கு."

"அப்ப நாளைக்கு இவரு யார நம்பி மிதிக்கிறது?"

மூடியைத் திறந்தீர்களா என்று ருக்மணி கேட்டபோது அசையாத ஜெயபாலன், குச்சியைப் பார்த்தும் பாதிதான் அசைந்தவர், இப்போது முழுதாக அசைந்தார். பிரேக் பிடிப்பேன் என்று பணம் வாங்கியவன் பிரேக்குக்கு எதிரில் நிற்க மாட்டேன் என்கிறான். குமாஸ்தாவுக்கு அந்தக் கணக்குப் புரிந்தது.

"போய் நில்லு, சாமி" என்றார் மெதுவாக. பிறகு இஞ்சினைக் கிளப்பி ஒருமுறை உறுமவிட்டார்.

சுளுக்கிய கால் காற்றாகப் பறந்தது. அந்த வேகத்தை மோட்டார் சங்கத்தார் கடிகாரம் பிடித்துப் பார்த்திருந்தால் கோப்பை கொடுத்திருப்பார்கள். டயரும் தகரப் பெட்டியும் மரத்தடியிலேயே நின்றன.

காதர் மைதீன் காருக்கடியில் படுத்துப் பொட்டலத்தை அறுத்தார். அதன் மறைவில் ஓர் ஒயர் கழன்று தொங்கியது. "இதக் கழட்டிட்டா எண்ணெய் முள்ளு எப்பவும் ஃபுல்லுதான் காட்டும். கெலிண்டான் பயலுக்குத் தெரிஞ்ச வேலைதானே!" என்று ஒயரை மாட்டினார். முள் செத்த பல்லியைப் போலக் கீழே விழுந்தது. டாக்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் கார்களுக்கடியில் புகுந்தார்கள். வரிசை முழுவதும் கால்கள்தான் தெரிந்தன.

பெட்டியிலிருந்த பணத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அன்று பிற்பகலே புது லைனிங் மாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலன் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். வாய்க்காலுக்கு இருபது அடிக்கு முன்னால் கார் நின்றது. அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருஷம் அந்தச் சிரிப்பு வீட்டில் இருந்தது.

திங்கட்கிழமை காலை ருக்மணி கதவைத் திறந்தாள். வாசலில் ஏழெட்டுப் பேர். முன்னால் அடுப்புக்கார அம்மாள், கையில் குங்குமச் சிமிழ், மல்லிகைச் சரம்.

"அந்தக் குச்சி எங்க, தாயே? சக்தி வாய்ந்த குச்சின்னு ஊரே பேசுது. ஒரு பொட்டு வெச்சிக் கும்புட்டுட்டுப் போறோம்."

ருக்மணி உள்ளே போய் முழுத் துடைப்பத்தையும் எடுத்து வந்து ஆளுக்கொரு குச்சியாக உருவிக் கொடுத்தாள்.

"கும்புடுறதுக்கு இல்ல, அம்மா. உள்ள விட்டுப் பாக்குறதுக்கு."